ஜட்ஜ் எத்தனையாவது ஆள்? சோட்டோவுக்குப் போகாத பணம் எங்கே?

2024 டிசம்பரில் பேஸ்பால் ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸோடு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்த சீசனில் அவர் ஆடிய, அதே ஊரின் இன்னொரு அணியான யாங்கீஸ் முன்னால் இரண்டு கேள்விகள் நின்றன. சோட்டோவுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை எதில் போடுவது? அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆரன் ஜட்ஜ் பேட் பிடிக்க வரும்போது பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய மூலைகளில்) இனி யார் நிற்பார்கள், அதை வைத்து ஜட்ஜை வரிசையில் எத்தனையாவதாக இறக்குவது? ரசிகர்கள் முதல் கேள்வியைக் குளிர்காலத்திலும் இரண்டாவதைக் கோடையிலும் பேசித் தீர்ப்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். சோட்டோவோடு ஒரு சீசன், சோட்டோ இல்லாமல் ஒரு சீசன் என்று 2024-ம் 2025-ம் அடுத்தடுத்து கிடைத்திருப்பதால், இதை ஊகமாகப் பேச வேண்டியதில்லை. எண்களை வைத்தே பேசலாம்.

வரிசையில் ஓர் இடம் இறங்கினால் என்ன குறையும்

கிரிக்கெட்டில் பதினோராவது ஆள் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்துவிட்டுத் திரும்பலாம். பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒன்பது பேரின் வரிசை சுழன்றுகொண்டே இருக்கும். ஒன்பதாவது ஆள் முடித்ததும் மறுபடி முதல் ஆள். ஆட்டத்தின் கடைசி அவுட் ஒன்பது இடங்களில் எதில் வேண்டுமானாலும் விழலாம். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 162-ஐ 9-ஆல் வகுத்தால் 18. வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் சீசனுக்கு ஏறக்குறைய 18 பேட்டிங் வாய்ப்பு போய்விடும் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஜட்ஜை இரண்டாவது இடத்திலிருந்து நான்காவதுக்கு இறக்கினால் 36 வாய்ப்பு குறையும். 2025-ல் அவர் பேட் பிடித்த நூறு முறையில் 45 முறைக்கு மேல் அவுட் ஆகாமல் பேஸ் ஏறினார்; பேஸ் ஏறும் விகிதம் .457. சராசரி ஆட்டக்காரருக்கு இது .315-ஐ ஒட்டி இருக்கும். அந்த 36 வாய்ப்பையும் சராசரி ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டால் அணி ஐந்து முறை பேஸ் ஏறுவதை இழக்கும். ஜட்ஜ் அந்த ஆண்டு 679 வாய்ப்பில் 53 ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகும் அடி; அடித்தவரும் பேஸில் நிற்பவர்களும் ரன் எடுப்பார்கள்) அடித்தார், அதாவது 13 வாய்ப்புக்கு ஒன்று. எனவே அவர் அடித்திருக்கக்கூடிய கிட்டத்தட்ட மூன்று ஹோம் ரனும் போகும்.

கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஒன்பது பேரையும் மிகச் சரியாக அடுக்குவதற்கும், வழக்கமாக எல்லா மேனேஜர்களும் அடுக்குவது போல அடுக்குவதற்கும் உள்ள வித்தியாசமே ஒரு சீசனுக்குப் பத்து, பதினைந்து ரன்தான். பத்து ரன் என்றால் ஏறக்குறைய ஒரு வெற்றி. ஆனால் 2025-ஐப் பாருங்கள்: அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் யாங்கீஸும் டொராண்டோ புளூ ஜேஸும் ஆளுக்கு 94 வெற்றியில் சமமாக நின்றன. நேருக்கு நேர் ஆடிய 13 ஆட்டத்தில் டொராண்டோ 8 வென்றிருந்ததால் பிரிவுப் பட்டம் அங்கே போனது. யாங்கீஸ் வைல்டு கார்டு எனும் முதல் சுற்றை ஆட வேண்டி வந்தது. வரிசையால் கிடைக்கும் அந்த ஒரே ஒரு வெற்றி அன்று அக்டோபரின் முதல் சுற்றைத் தாண்டிப் போக உதவியிருக்கும்.

நான்கு இடங்கள், நான்கு விலை

மூன்றாவது இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மூன்றாவதாகத்தான் வர வேண்டும் என்று நூறு ஆண்டு வழக்கம் சொல்கிறது. அந்த வழக்கத்தில் ஒரு ஓட்டை உண்டு. முதல் இரண்டு பேரும் .330 விகிதத்தில் பேஸ் ஏறுபவர்கள் என்று வையுங்கள். அது நல்ல எண்தான். இருவருமே அவுட் ஆகும் வாய்ப்பு .67-ஐ .67-ஆல் பெருக்கினால் வருவது: 45 சதவீதம். இரண்டில் ஓர் ஆட்டத்தை ஒட்டி, உங்கள் தலைசிறந்த ஆள் முதல் இன்னிங்ஸில் இரண்டு அவுட் (மூன்றாவதில் இன்னிங்ஸ் முடியும்), பேஸ் காலி என்ற நிலையில் வந்து நிற்பார். அப்போது அவர் ஒரு வாக் எடுத்து (நான்கு தவறான பந்து வந்ததால் அடிக்காமலே) முதல் பேஸுக்குப் போனாலும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார். ஜட்ஜைப் போல ஏராளமாக வாக் எடுக்கும் ஆளுக்கு இதைவிட வீணான இடம் இல்லை.

நான்காவது இடம் வேறு மாதிரி. முன்னால் மூன்று பேரும் வரிசையாக அவுட் ஆகும் வாய்ப்பு 30 சதவீதம்தான். அப்படி ஆனாலும் நான்காவது ஆள் இரண்டாம் இன்னிங்ஸை அவுட்டே இல்லாமல் தொடங்குவார். மீதி 70 சதவீதத்தில் முதல் இன்னிங்ஸிலேயே, பெரும்பாலும் யாராவது பேஸில் இருக்க, வருவார். ஆள் நிறைந்த பேஸ்களோடு பேட் பிடிக்க இதுதான் நல்ல இடம். விலை, மேலே சொன்ன 36 வாய்ப்பு. ஹோம் ரன் அதிகமும் வாக் குறைவுமாக ஆடும் ஒருவருக்கு இந்த விலை கட்டுபடியாகும். அணியில் ஜான்கார்லோ ஸ்டேன்டன் மாதிரி ஆளுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போன்ற இடம். ஜட்ஜுக்கு அல்ல.

முதல் இடம்? இதை எடுத்ததும் ஒதுக்க முடியாது. டாட்ஜர்ஸில் 2024 ஜூன் நடுவில் மூக்கி பெட்ஸின் கை உடைந்தபோது ஷோஹெய் ஓஹ்டானி முதலிடத்துக்கு ஏறினார். பெட்ஸ் ஆகஸ்டில் திரும்பி வந்த பிறகும் ஓஹ்டானி அங்கேயே இருந்தார். 54 ஹோம் ரன், 59 திருட்டு பேஸ் (அடி விழாமலே ஓடிப் பிடித்த அடுத்த பேஸ்), அணிக்கு உலகத் தொடர் பட்டம். பிலடெல்பியாவில் கைல் ஷ்வார்பர் 2023-ல் முதலிடத்தில் ஆடி .197 பேட்டிங் சராசரி (வாக் சேராமல், அடித்து மட்டும் பேஸ் ஏறும் விகிதம்) மட்டுமே வைத்திருந்தார். பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் 126 வாக் எடுத்ததால் பேஸ் ஏறும் விகிதம் .343; கூடவே 47 ஹோம் ரன். முதலிடத்துக்குக் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்த .343 சரியான விடைதான்.

முதலிடத்தின் கேடு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒருவரின் ஆர்பிஐ எண்ணிலிருந்து (அவர் பேட்டால் அணிக்கு வந்த ரன்) ஹோம் ரன் எண்ணைக் கழியுங்கள். அவர் தன்னை விட்டு மற்றவர்களை எத்தனை முறை வீட்டுக்கு (ரன்னாகும் கடைசி பேஸுக்கு) அனுப்பினார் என்று வரும். ஓஹ்டானிக்கு 2024-ல் 130 கழித்தல் 54, அதாவது 76. 2025-ல் 102 கழித்தல் 55, வெறும் 47. ஹோம் ரன் ஒன்று கூடியும் 29 பேர் குறைந்துவிட்டார்கள். காரணம் அவர் கையில் மட்டும் இல்லை. சீசனின் பெரும்பகுதி முதலிடத்தில் ஆடுபவருக்கு முன்னால் வருவது 8, 9-வது ஆட்கள். அவர்கள் பேஸ் ஏறாவிட்டால் ஹோம் ரன் எல்லாம் ஒற்றை ரன்னாக முடியும். ஷ்வார்பருக்கு 2023-ல் 104 கழித்தல் 47, 57. 2025-ல் ட்ரே டர்னரை முன்னால் விட்டு ஷ்வார்பரைப் பெரும்பாலும் இரண்டாவதாக இறக்கினார்கள். 132 கழித்தல் 56, 76. டர்னர் அந்த ஆண்டு .304 அடித்து நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தையே வாங்கினார். ஒரே ஓர் இடம் கீழே, முன்னால் ஒரு நல்ல ஆள். செலவு 18 வாய்ப்பு, வரவு அதைவிடப் பெரிது.

ஆகவே ஜட்ஜுக்கு இரண்டாவது இடம். வாய்ப்பு அதிகம், முன்னால் ஒருவராவது உண்டு, இரண்டு அவுட்டோடு வந்து நிற்கும் தொல்லை இல்லை. இரண்டாவது ஆள் பன்ட் போடத் தெரிந்தவராக (பந்தை மெல்லத் தட்டி விடுபவராக), பந்தை வலது பக்கம் தட்டி ஓட்டக்காரரை ஒரு பேஸ் நகர்த்துபவராக இருக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆட்டத்தின் மிக அதிக வாய்ப்புள்ள இரண்டு இடங்களில் ஒன்றை, தானே முன்வந்து அவுட் ஆகிற ஆளுக்குக் கொடுப்பது வருத்தமான விஷயம்.

பின்னால் யார் என்பதைவிட முன்னால் யார்

சோட்டோ போனபோது எழுந்த பெரிய பயம், ஜட்ஜுக்கு யாரும் இனிப் பந்து போட மாட்டார்கள், வாக் கொடுத்தே ஓட்டிவிடுவார்கள் என்பது. 2004-ல் பாரி பாண்ட்ஸுக்கு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது: 232 வாக், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. ஆனால் அங்கேயும் உண்மையை முழுதாகப் பார்க்க வேண்டும். பாண்ட்ஸ் அந்த ஆண்டு .609 விகிதத்தில் பேஸ் ஏறினார். எதிரணி பயந்து கொடுத்த ஒவ்வொரு வாக்கும் அவுட் இல்லாத ஒரு முதல் பேஸ்.

ஜட்ஜின் இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சோட்டோவோடு 2024: சராசரி .322, பேஸ் ஏறும் விகிதம் .458, ஸ்லக்கிங் (அடியின் பலத்தை அளக்கும் எண்) .701. சோட்டோ இல்லாத 2025: .331, .457, .688. மனிதர் அசையவே இல்லை. மாறியது ஒன்றே ஒன்று. 2024-ல் ஆர்பிஐ 144 கழித்தல் ஹோம் ரன் 58 என்பது 86. 2025-ல் 114 கழித்தல் 53 என்பது 61. அவர் வீட்டுக்கு அனுப்பிய மற்றவர்களின் எண்ணிக்கை 25 குறைந்தது. சோட்டோ 2024-ல் .419 விகிதத்தில் பேஸ் ஏறி ஜட்ஜுக்கு நேர் முன்னால் நின்றார். ஜட்ஜின் கைக்கு சோட்டோ ஒன்றும் கொடுத்துவிடவில்லை; ஜட்ஜின் கண்ணுக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்தினார், அவ்வளவுதான்.

அதனால் முதலிடத்துக்கு ஆள் தேர்வு செய்வது பின்னால் மூன்றாவது ஆளைத் தேர்வு செய்வதைவிட முக்கியம். 2024-ன் முதல் பாதியில் பெரும்பாலும் ஆன்டனி வோல்பி முதலிடத்தில் ஆடினார். வேகமான கால், 28 திருட்டு பேஸ், பார்க்க முதலிடத்து ஆள் போலவே இருப்பார். பேஸ் ஏறும் விகிதம் .293. சோட்டோவும் ஜட்ஜும் வரும்போது பத்தில் ஏழு முறை ஓர் அவுட் ஏற்கெனவே விழுந்திருந்தது என்று அர்த்தம். 2025-ல் ட்ரென்ட் கிரிஷம் அந்த இடத்துக்கு வந்தார். சராசரி .235 என்று பார்த்தால் மனசு ஒப்பாது. விகிதம் .348, 34 ஹோம் ரன். வேகத்தைக் காட்டி முதலிடம் வாங்குகிற ஆட்களைவிட, நான்காவது பந்து வெளியே போகிறது என்று பார்த்து பேட்டைத் தோளிலேயே வைத்திருக்கத் தெரிந்த இவர் மேல்.

இன்னொரு லாபமும் இதில் ஒளிந்திருக்கிறது. கிரிஷம் இடதுகை, ஜட்ஜ் வலதுகை, மூன்றாவதாக வரும் கோடி பெலிஞ்சர் இடதுகை. 2020 முதல் உள்ளே வரும் பிட்சர் (பந்து வீசுபவர்) இன்னிங்ஸ் முடிந்தாலொழியக் குறைந்தது மூன்று பேருக்குப் பந்து போட வேண்டும். தன் கைக்காரரான பிட்சரை அடிப்பது பொதுவாகக் கடினம் என்பதால், கிரிஷமையும் பெலிஞ்சரையும் அடக்க எட்டாவது இன்னிங்ஸில் ஓர் இடதுகை பிட்சரை இறக்கினால், நடுவில் ஜட்ஜைச் சந்திக்காமல் தப்ப முடியாது. இந்த விதி வருவதற்கு முன் எதிரணி மேனேஜர் ஓர் ஆளுக்கு ஒரு பிட்சர் என்று மாற்றிக்கொண்டே போவார். இப்போது இடது, வலது, இடது என்று பின்னினால் அந்தக் கதவு மூடிவிடும். ஒரே கைக்காரர்கள் மூன்று பேரை அடுத்தடுத்து அடுக்குவதுதான் இன்றைய லைன்அப்பில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஆனால் கை பார்த்து ஆளை உட்கார வைப்பதை எதுவரை கொண்டுபோவது? 2025 வைல்டு கார்டு முதல் ஆட்டத்தில் பாஸ்டனின் இடதுகை பிட்சர் காரெட் குரோஷே எதிரில் வந்தார். மேனேஜர் ஆரன் பூன், இடதுகை ஆட்டக்காரர்களான ஜாஸ் சிஸம், பென் ரைஸ் இருவரையும் தொடக்க லைன்அப்பில் வைக்கவில்லை. சிஸம் அந்த சீசனில் 31 ஹோம் ரன், 31 திருட்டு பேஸ். குரோஷே ஏழே முக்கால் இன்னிங்ஸை ஒட்டி நின்று 11 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், பாஸ்டன் 3–1. மறுநாள் ரைஸ் தான் சந்தித்த முதல் பந்தையே இரண்டு ரன் ஹோம் ரன்னாக அடித்தார். எட்டாவது இன்னிங்ஸில் ஆஸ்டின் வெல்ஸ் அடித்த சிங்கிளில் சிஸம் முதல் பேஸிலிருந்து வீடு வரை ஓடி வந்து 4–3 என்று ஆட்டத்தை வென்று கொடுத்தார். முதல் நாள் அவர்கள் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று சொல்ல இது ஆதாரமாகாது. குரோஷே அன்று யாருக்கும் அசையும் நிலையில் இல்லை. இருந்தாலும், முதல் பேஸில் ரைஸுக்கு பதில் பால் கோல்ட்ஷ்மிட்டை ஆட வைப்பது நியாயம், ஏனென்றால் கோல்ட்ஷ்மிட் இடதுகை பிட்சர்களை நன்றாக அடித்த ஆண்டு அது. இரண்டாம் பேஸில் சிஸமை உட்கார வைப்பது நியாயம் இல்லை. பேட்டில் கிடைக்கிற சின்ன லாபத்துக்காக அவருடைய ஓட்டத்தையும் ஃபீல்டிங்கையும் சேர்த்து விற்றுவிடுகிறோம். மாற்று ஆள் பேட்டில் தெளிவாக மேலானவராக இருந்தால் மட்டுமே கை பார்த்து மாற்ற வேண்டும்.

ஒரு பெரிய ஆள் அல்லது நான்கு நடுத்தர ஆட்கள்

இனி பணம். சோட்டோவின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.1 கோடி டாலர். யாங்கீஸ் அந்தக் குளிர்காலத்தில் செய்தது: இடதுகை பிட்சர் மாக்ஸ் ஃப்ரீடுக்கு 8 ஆண்டு, 21.8 கோடி. சிகாகோ கப்ஸிடமிருந்து பெலிஞ்சர், சம்பளம் 2.75 கோடி, அதில் கொஞ்சத்தைக் கப்ஸ் ஏற்றுக்கொண்டது. கோல்ட்ஷ்மிட் ஓர் ஆண்டுக்கு 1.25 கோடி. மில்வாக்கியிடமிருந்து கடைசி இன்னிங்ஸ் பிட்சர் டெவின் வில்லியம்ஸ், ஒரு கோடிக்கும் குறைவு. கூட்டினால் 2025-க்கு 7.5 கோடியை ஒட்டி வரும். ஆகவே பணத்தைப் பலரிடம் பரப்பியது மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஆண்டுக்கு அது கூடுதல் செலவு. மலிவு எங்கே என்றால் நீளத்தில்: ஃப்ரீடைத் தவிர மற்ற யாரும் நெடுங்காலச் சுமை இல்லை.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025-ல் அணிச் சம்பளம் 24.1 கோடியைத் தாண்டினால் சொகுசு வரி தொடங்கும். யாங்கீஸ் போலத் தொடர்ந்து மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தாண்டும் அணி 30.1 கோடிக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டும். உச்சியில் சேர்க்கும் ஒருவரின் 5.1 கோடி சம்பளம் உண்மையில் 10.7 கோடியாகும். பெலிஞ்சருக்கும் இதே வரிதான். வித்தியாசம், ஓர் ஆண்டு ஒப்பந்தக்காரர் அடுத்த நவம்பரில் கணக்கிலிருந்து போய்விடுவார். 15 ஆண்டுக்காரர் 2039 வரை கணக்கிலேயே இருப்பார்.

பெரிய ஆளின் பக்கம் உள்ள வலுவான வாதத்தையும் மறைக்கக் கூடாது. களத்தில் இடம் ஒன்பதுதான். ஒருவரை எடுத்துவிட்டு மைனர் லீகிலிருந்து கிடைக்கும் சாதாரண ஆளை நிறுத்தினால் எத்தனை வெற்றி குறையும் என்று கணக்கிடும் முறை உண்டு. அதை வார் என்பார்கள். சோட்டோ 2024-ல் அந்தக் கணக்கில் சுமார் 8. நான்கு வெற்றி மதிப்புள்ள இரண்டு பேர் சேர்ந்தும் எட்டுதான், ஆனால் அவர்கள் இரண்டு இடத்தை அடைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே ஒன்பது இடமும் நல்ல ஆட்களால் நிறைந்த அணிக்கு, மேலே போக ஒரே வழி மிகப் பெரிய ஆள்தான். டாட்ஜர்ஸ் ஓஹ்டானியை 10 ஆண்டு, 70 கோடிக்கு எடுத்து, அதில் 68 கோடியைப் பிற்காலத்துக்குத் தள்ளி வைத்தது சரியான முடிவாக அமைந்தது அதனால்தான். அங்கே பெட்ஸும் ஃப்ரெடி ஃப்ரீமேனும் ஏற்கெனவே இருந்தார்கள்.

யாங்கீஸ் 2024-ல் அப்படிப்பட்ட அணி இல்லை. உலகத் தொடர் வரை போனதால் ஓட்டைகள் கண்ணில் படாமல் போயின. முதல் பேஸில் ஆன்டனி ரிஸோ .228, 8 ஹோம் ரன். டிஜே லமேயு .204. இடது அவுட்ஃபீல்டில் அலெக்ஸ் வெர்டுகோ .233. வார் கணக்கில் பூஜ்யத்தில் நிற்கும் ஓர் இடத்தை இரண்டாக்க 1.25 கோடி போதும். ஐந்தை எட்டாக்க எத்தனை கோடி ஆகும் என்று சோட்டோவின் ஒப்பந்தமே சொல்கிறது. கோல்ட்ஷ்மிட் .274 அடித்தார். பெலிஞ்சர் 29 ஹோம் ரன், 98 ஆர்பிஐ, வார் கணக்கில் ஏறக்குறைய 5. ஃப்ரீட் 19 வெற்றி, 5 தோல்வி, 195 இன்னிங்ஸ், அவரும் ஏறக்குறைய 5. கெரிட் கோல் மார்ச்சில் முழங்கை அறுவைக்குப் போய் முழு சீசனையும் இழந்த ஆண்டில் ஃப்ரீட் இல்லை என்றால் இந்த அணி எங்கே நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சோட்டோ மெட்ஸுக்குச் சொன்னதைச் செய்தார்: 43 ஹோம் ரன், 127 வாக், யாரும் எதிர்பாராத 38 திருட்டு பேஸ். மெட்ஸ் ஜூன் நடுவில் 45–24 என்று பறந்துகொண்டிருந்தது. பிறகு தொடக்க பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக விழ, கடைசி நாளில் மயாமியிடம் தோற்று 83–79-ல் சீசன் முடிந்தது. அக்டோபர் இல்லை. முந்தைய ஆண்டு சோட்டோ இல்லாமல் 89 வென்ற அணி அது. குறை சோட்டோவிடம் துளியும் இல்லை. பேட்டில் எத்தனை கோடி கொட்டினாலும் ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்டாத பிட்சரை அது காப்பாற்றாது. யாங்கீஸோ 2024-ல் 815 ரன், 2025-ல் 849 ரன். சோட்டோ போன பிறகு அணியின் ரன் கூடியது.

இதன் கடைக்கோடி உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ். மைக் ட்ரௌட்டும் ஓஹ்டானியும் 2018 முதல் 2023 வரை ஆறு சீசன் ஒரே அணியில் ஆடினார்கள். ஆறிலும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். மூன்றாவது பெரிய ஆளாக ஆன்டனி ரெண்டனை 7 ஆண்டு, 24.5 கோடிக்கு எடுத்தார்கள்; எந்த சீசனிலும் அவர் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. எதிர்க் கோடியில் மில்வாக்கி: சின்னச் சம்பளம், 2025-ல் 97 வெற்றி, மேஜர் லீகிலேயே முதலிடம். சீசனில் டாட்ஜர்ஸை ஆறு முறை சந்தித்து ஆறிலும் வென்றது. அக்டோபரில் அதே டாட்ஜர்ஸின் ஸ்நெல், யமமோட்டோ, கிளாஸ்நவ், ஓஹ்டானி என்ற நான்கு பிட்சர்கள் தொடங்கிய நான்கு ஆட்டத்தில் மொத்தமே நான்கு ரன் எடுத்து வெளியேறியது. 162 ஆட்டத்தை ஓட்டையில்லாத பட்டியல் வெல்லும். ஏழு ஆட்டத் தொடரில் தலைசிறந்த நான்கு கைகளே பெரும்பாலான இன்னிங்ஸையும் போட்டுவிட முடியும். பரப்பும்போது பணத்தின் பெரும்பங்கை ஃப்ரீட் போன்ற தொடக்க பிட்சரிடம் போட்டது சரி என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம், 2025 அக்டோபரில் டொராண்டோவுக்கு எதிரான தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் அதே ஃப்ரீட் ஏழு ரன் கொடுத்து நான்காவது இன்னிங்ஸில் இறங்கினார் என்பதையும் மறக்காமல்தான் சொல்கிறேன்.

கணக்கில் வராத இரண்டு

ஒன்று ஃபீல்டிங். சோட்டோ வலது அவுட்ஃபீல்டில் நின்றதால் 2024-ல் ஜட்ஜ் நடு அவுட்ஃபீல்டுக்குப் போனார். ஆறடி ஏழு அங்குல உடம்பை வைத்துக்கொண்டு களத்திலேயே அதிகம் ஓட வேண்டிய இடம். டாட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், யாங்கீஸ் 5–0 முன்னிலையில் இருந்த ஐந்தாவது இன்னிங்ஸில், அவர் கையில் வந்த பந்து நழுவியது. அடுத்து வோல்பியின் எறி மூன்றாம் பேஸில் பிசகியது, பிறகு கோல் முதல் பேஸை மூட ஓடவில்லை. 5–5 ஆகி, 7–6-ல் தொடரே போனது. 2025-ல் ஜட்ஜ் தன் பழைய வலது அவுட்ஃபீல்டுக்குத் திரும்பினார், நடுவில் கிரிஷம், இடதில் பெலிஞ்சர். ஜூலையில் ஜட்ஜின் முழங்கை நொந்து அவரை பேட் மட்டும் பிடிக்கும் இடத்தில் வைக்க வேண்டி வந்தபோது, அந்த இடத்தை நம்பி இருந்த ஸ்டேன்டன் ஆகஸ்டில் வலது அவுட்ஃபீல்டுக்கு வந்தார். ஃபீல்டிங் செய்ய முடியாத இருவர் ஒரே அணியில் இருந்தால் ஒருவருக்கு வரும் காயம் இரண்டு இடத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது, மலிவான இளைஞர்கள். வில்லியம்ஸுக்காக யாங்கீஸ் கொடுத்தவர்களில் ஒருவர் கேலப் டர்பின். 2025-ல் குறைந்தபட்ச சம்பளம் 7.6 லட்சம் டாலர்; அந்த மட்டத்துச் சம்பளத்தில் அவர் மில்வாக்கியின் மூன்றாம் பேஸைப் பிடித்துக்கொண்டு நேஷனல் லீகின் சிறந்த புதுமுகத் தேர்வில் மூன்றாவதாக வந்தார். வில்லியம்ஸ் நியூயார்க்கில் 4.79 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்; குறைவாக இருப்பதே நல்லது). மூன்றாம் பேஸில் ஆள் இல்லாமல் ஜூலையில் ரயன் மக்மேனைத் தேடிப் போக வேண்டி வந்தது யாங்கீஸுக்கு. பரப்பிய நான்கில் இது தெளிவான தவறு. ஆண்டுக்கு அறுபது, எழுபது இன்னிங்ஸ் போடும் ஒருவருக்காக, தினமும் ஆடக்கூடிய, ஆறு ஆண்டு கைவசம் இருக்கக்கூடிய ஒருவரைக் கொடுக்கக் கூடாது.

வலதுகை பிட்சருக்கு எதிராக 2025 பட்டியலிலிருந்து நான் எழுதும் வரிசை: கிரிஷம், ஜட்ஜ், பெலிஞ்சர், ஸ்டேன்டன், சிஸம், ரைஸ், வோல்பி, வெல்ஸ், ஒன்பதாவதாக ஹோசே கபயேரோ. மூன்றாம் பேஸ் மக்மேனுக்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஃபீல்டிங்கில் அவர் மேல் என்பது உண்மை. எனக்கு ஒன்பதாவது இடத்தில் கபயேரோ வேண்டும். அந்த ஆண்டு 49 திருட்டு பேஸ், அமெரிக்கன் லீகில் முதலிடம். இரண்டாவது சுற்றிலிருந்து ஒன்பதாவது ஆள்தான் ஜட்ஜுக்கு இரண்டு பேர் முன்னால் நிற்பவர். 2023-ல் பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாகி, பிட்சர் ஓட்டக்காரரைத் தடுக்கத் திரும்புவதற்கும் வரம்பு வந்த பிறகு, திருடுவது முன்பைவிட லாபம். ஆனால் எப்போது என்பது முக்கியம். கபயேரோ முதல் பேஸ் ஏறினால் கிரிஷம் பேட் பிடிக்கும்போதே ஓடிவிட வேண்டும். முதல் பேஸ் காலியாகிவிட்டது என்று யாரும் கிரிஷமுக்கு வாக் கொடுக்க மாட்டார்கள், அடுத்து வருவது ஜட்ஜ். ஜட்ஜ் பேட் பிடிக்கும் பெட்டிக்குள் கால் வைத்த பிறகோ, முதல் பேஸில் நிற்கும் யாரும் அசையக் கூடாது. பிடிபட்டால் ஒரு ஹோம் ரன்னின் பாதி போகும். பிழைத்தால் முதல் பேஸ் காலியாகி, எதிரணி மேனேஜர் நான்கு விரலைக் காட்டி ஜட்ஜை சும்மா நடத்தி அனுப்பிவிடுவார்.